பித்தளைப் பெயர்ப்பலகை

அடுத்தவர் வீட்டுக்கு வெறுங்கையோடு போகக் கூசிய நாளில்தான் மனிதன் நாகரிகம் அடைந்தான். தணிகாசலம் கூசியது மேலாளர் வீட்டுக்கு மட்டும். சேலத்துக்கான மாற்றல் அவருடைய கையெழுத்துக்காகக் காத்திருந்தது. “ஞாயித்துக்கிழமை புது வீட்ல பால் காய்ச்சுறோம், வந்துடுங்க” என்று அவர் சொன்னதிலிருந்து இவனுக்கு இருப்புக்கொள்ளவில்லை. சுவர்க்கடிகாரம் எல்லாரும் தருவார்கள். குத்துவிளக்கைக் கடிகாரம் தராதவர்கள் தருவார்கள். கடைசியில் அவர் பெயரில் ‘வேதமூர்த்தி இல்லம்’ என்று பித்தளையில் பெயர்ப்பலகை செய்யக் கொடுத்தான்.

“ஒரு வார்த்தை அவர்கிட்ட கேட்டுட்டுச் செய்யக் கூடாதா?” என்றாள் மனைவி கோமளவல்லி.

“கேட்டுட்டுச் செஞ்சா அதுக்குப் பேரு பரிசாடி?”

பால் பொங்கியதும் முதல் ஆளாகப் பொட்டலத்தை நீட்டினான். மேலாளர் பிரித்தார், படித்தார், அவசரமாக மூடப்போனார். அதற்குள் பக்கத்தில் நின்ற பெரியவர் அதை வாங்கி, எட்டப் பிடித்து, எழுத்துக்கூட்டிப் படித்தார்.

“வாசல்லயே அடிச்சுடலாமா சார்? ஆணிகூட கொண்டாந்திருக்கேன்” என்றான் தணிகாசலம்.

“ஆணியெல்லாம் அடிக்கக் கூடாதுன்னு அட்வான்ஸ் வாங்கும்போதே சொல்லியிருக்கேன்” என்றார் பெரியவர்.

வீடு அவருடையது.