எடையில்லாதவன் பேரு

பழைய இரும்புக் கடைக்கு ஒரு பலூன்காரரின் சிலிண்டர் வந்தது. உள்ளே கொஞ்சம் வாயு மிச்சமிருந்தது. அதைத் திறந்துவிடக் கடைக்காரர் ஸ்பேனர் எடுக்கப் போனார்.

தராசிலிருந்த இருபது கிலோ எடைக்கல்லுக்கு மூக்குக்கு மேல் கோபம்.

"டேய் காத்து, கிளம்புடா! எடையே இல்லாத பயலுக்கு இங்க என்ன வேலை?"

"கிளம்பத்தான் போறேன். அதுக்கு முன்னாடி என் பேரையாவது கேட்டுக்கோ. ஹீலியம்."

"இதென்னடா பேரு?"

"கிரேக்கத்துல சூரியனோட பேருலேருந்து வந்தது அண்ணே. ஒரு கிரகணத்தப்போ சூரிய ஒளியைப் பிரிச்சுப் பார்த்தாங்க. யாருக்கும் பிடிபடாத ஒரு மஞ்சள் கோடு தெரிஞ்சுது. அது நான்தான். அங்கே மட்டும்தான் இருக்கேன்னு நினைச்சு அந்தப் பேரை வெச்சாங்க. இங்கே பாறைக்குள்ளயும் இருக்கேன்னு தெரிய இன்னும் இருபத்தஞ்சு வருஷத்துக்கு மேல ஆச்சு."

எடைக்கல்லின் குரல் மாறியது.

"பதினஞ்சு கோடி கிலோமீட்டருக்கு அந்தாண்ட இருந்த உங்களை, ஒரு கோட்டை வெச்சே கண்டுபிடிச்சாங்களா?"

"ஆமாண்ணே."

ஸ்பேனர் வந்துவிட்டது.

"ஐயா, கொஞ்சம் இருங்க! இன்னும் கேக்கணும்!" என்று கல் கெஞ்சியது.

'உஸ்'ஸென்று ஒரு சத்தம். அவ்வளவுதான்.

கடைக்காரர் காலி சிலிண்டரைத் தட்டில் வைத்தார். எடைக்கல் அதைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. தகரக் கூரையின் ஓட்டை வழியே இறங்கிய வெயிலையே அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தது.