இரண்டு தட்டுகள்

"இதுல எங்க அக்கா எது, மாமா?"

திரையில் இரண்டு சாம்பல் நிறப் பொட்டுகள் துடித்துக்கொண்டிருந்தன. இரண்டு தட்டுகள். ரத்தத்திலிருந்து ஆய்வகத்தில் வளர்த்தெடுத்த இதயத் தசை. அவன் மனைவி போய் நாலு மாதம் ஆகிறது. அவள் இதயம் மட்டும் இன்னும் வேலைக்கு வந்துகொண்டிருந்தது.

"தெரியாது," என்றான். "ஒண்ணு அவளோடது. இன்னொண்ணு நோயில்லாத ஆளோடது. மருந்து விடுறவனுக்கு எது எதுன்னு தெரியக் கூடாது. அதான் இங்க முறை."

"பொண்டாட்டிய அடையாளம் தெரியலைன்னு வெளிய சொல்லிடாதீங்க."

மனைவியின் தங்கை நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தாள். "ரத்தம் எடுத்த அன்னைக்கு நான் அவ கையை நசுக்கின நசுக்குல, ஊசியே தேவலைன்னா."

அவன் சிரிக்கவில்லை. இது சிரிக்க வேண்டிய இடம் என்று மட்டும் தெரிந்தது.

"அவளுக்கு என்னதான் மாமா ஆச்சு? எனக்குப் புரியிற மாதிரி சொல்லுங்க."

"செல்லுக்குள்ள கால்சியத்துக்கு ஒரு குழாய் இருக்கு. திறந்தா இதயம் சுருங்கும். மூடினா ஓய்வு. அவளுக்கு அது சரியா மூடல. ஒழுகிட்டே இருந்துச்சு."

"அவ வாய் மாதிரி."

"இந்த மருந்து அதை மூடணும்."

"இனிமே மூடி யாருக்கு மாமா?"

அவன் திரையைப் பார்த்தான். இடது தட்டு இரண்டு முறை துடித்தது. நின்றது. அவசரமாக ஒருமுறை துடித்தது. அவளேதான். கடைசி நாட்களில் மார்பில் காது வைத்துக் கேட்ட அதே தடுமாற்றம்.

வலது தட்டைப் பார்த்தான். இரண்டு. நிறுத்தம். அவசரமாக ஒன்று.

இரண்டிலுமா அவள்?

"என்ன மாமா, பேயறைஞ்ச மாதிரி?"

"ஒண்ணுமில்ல. கீழ போய் ரெண்டு டீ வாங்கிட்டு வா."

"லிஃப்ட் வேற ஓடல. எடுபிடி வேலைக்குன்னே என்னை உங்ககிட்ட விட்டுட்டுப் போயிருக்கா."

அவள் போனதும், செல் வளர்க்கும் மேடத்தை உள்ளே அழைத்தான்.

"மேடம், ரெண்டு தட்டுலயும் என் மனைவியோடதையே போட்டுட்டீங்க. ரெண்டும் ஒரே மாதிரி தடுமாறுது. சோதனை கெட்டுப்போச்சுன்னா மருந்தையே மூட்டை கட்டிடுவாங்க."

அவர் திரையருகே குனிந்து பார்த்தார்.

"எனக்கும் அதே சந்தேகம் வந்துச்சு, சார். காலையிலேயே மரபணுவை ஒப்பிட்டுப் பார்த்துட்டேன். கலப்பே இல்ல. ரெண்டும் வேற வேற ஆள்தான்."

அவன் மறுபடி திரையைப் பார்த்தான். இரண்டும் ஒரே மாதிரி துடித்தன.

வெளியே படியில் செருப்புச் சத்தம் கேட்டது. இரண்டு படி. ஒரு நிறுத்தம். பிறகு அவசரமாக ஒன்று.

நோயில்லாத ஒரு ஆள் வேண்டும் என்று அவன் கேட்டதும், அக்காவின் கையை நசுக்கிக்கொண்டே ரத்தம் கொடுத்தவள், டீயோடு ஏறி வந்துகொண்டிருந்தாள்.