மூணாவது சுவிட்ச்

"சொல்லிடலாம்ணா," தங்கச்சி கெஞ்சினா.

"சொல்லேன். வாசல்ல நின்னு மைக் வெச்சுச் சொல்லு."

அண்ணன் ஷெட்டுக்குள்ள குறுக்கும் நெடுக்கும் நடந்துட்டிருந்தான். மோட்டார்கூட அவ்வளவு சுத்தல.

சாதா மோட்டாருக்கு மூணு கரண்ட் லைன். ஒண்ணு போனா படுத்துடும். அண்ணனும் தங்கச்சியும் சேர்ந்து செஞ்ச லிஃப்ட் மோட்டாருக்கு ஆறு. ஒண்ணு போனாலும் மத்த அஞ்சும் அந்தச் சுமையைப் பங்கு போட்டுக்கும். லிஃப்ட் நடுவுல நிக்காது.

அதைப் பார்க்கத்தான் ஆஸ்பத்திரியிலேர்ந்து மேடம் வர்றாங்க. லிஃப்ட் எல்லாம் அவங்க பொறுப்பு. ஆர்டர் கிடைச்சா கம்பெனி. இல்லேன்னா அண்ணன் மறுபடி ஃபேன் ரிப்பேர்.

இன்னிக்குக் காலையில பார்த்து மூணாவது லைன் நிஜமாவே எரிஞ்சு போச்சு. மோட்டார் ஒரு உதறு உதறிச்சு. அப்புறம் அது பாட்டுக்கு ஓடுது. கன்ட்ரோல் பெட்டியில சிவப்பு விளக்கு மட்டும் முறைச்சுட்டே இருக்கு.

"பழுதான மோட்டாரை எவனாவது வாங்குவானா? அந்த விளக்கை மூடு!"

"எதை வெச்சு?"

"உன் வாயை வெச்சு. அதுதான் பெருசு."

கடைசியில அண்ணனோட டிபன் பாக்ஸ் விளக்கு முன்னாடி காவலுக்கு உக்காந்துது.

மேடம் வந்தாங்க. நேரா மோட்டார் மேல கையை வெச்சாங்க, காய்ச்சல் பார்க்கிற மாதிரி.

"ஒரு லைனை கட் பண்ணுங்க தம்பி."

லைனுக்கு ஒண்ணா ஆறு சுவிட்ச். அண்ணன் விரல் எல்லாத்து மேலயும் ஊர்ந்து, மூணாவதுல நின்னுது. ஏற்கெனவே செத்த லைன்!

தங்கச்சி பல்லைக் கடிச்சா.

டக்.

மோட்டார் ஓட்டத்துல ஒரு மாத்தமும் இல்ல.

"பார்த்தீங்களா மேடம்! வழுக்கிட்டு ஓடுது!"

மேடம் கையை எடுக்கல. "உயிரோட இருக்கிற லைனை கட் பண்ணினா முதல்ல ஒரு உதறல் வரும். அப்புறம்தான் சமாளிக்கும். இதுல உதறலே வரலையே?"

அண்ணன் கண்ணு டிபன் பாக்ஸ் பக்கம் ஓடிச்சு.

மேடம் டிபன் பாக்ஸை நகர்த்தினாங்க. சிவப்பு விளக்கு பளிச்.

"எப்போ போச்சு?"

"காலையில மேடம்," தங்கச்சி முந்திக்கிட்டா. "அதுவாவே போச்சு. அதுவாவே சமாளிச்சுக்கிச்சு. அப்போலேர்ந்து ஒரு தடவைகூட நிக்கல."

மேடம் கையில பேனா. அண்ணனுக்குப் போன உயிர் திரும்பி வந்துது.

பேனா கைப்பைக்குள்ள போச்சு.

"சுவிட்ச் போட்டு வித்தை காட்டுறவங்க நிறைய பேரைப் பார்த்துட்டேன் தம்பி. நிஜமாவே பழுதாகி, அப்பவும் ஓடுற மோட்டாரைத்தான் இத்தனை நாளா தேடிட்டிருக்கேன். அந்த விளக்கை மூடாம இருந்திருந்தா, வாசல்லயே கையெழுத்துப் போட்டிருப்பேன்."

"மேடம்... இப்பவும் அதே மோட்டார்தானே?"

"மோட்டார் அதேதான். ஆனா இனிமே விளக்கு எரியாதப்போல்லாம், டிபன் பாக்ஸ் எங்கே இருக்குன்னுல்ல நான் தேடணும்?"