தாங்காத உடம்பு

"நீயெல்லாம் ஒரு மனுஷியா?"

மாடிப்படியில் நின்று கத்தினார் அண்ணன்காரர்.

கத்தாமல் என்ன செய்வார்? ஈரல் கெட்டு, கண்ணெல்லாம் மஞ்சளித்துப்போன தம்பி, கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு படி ஏறுகிறான். பொண்டாட்டி பின்னாலேயே வந்து, "ம், இன்னும் பன்னிரண்டுதான்" என்கிறாள். லிஃப்ட் வேறு சும்மா நிற்கிறது!

"அண்ணா, நான்தான்..." தம்பிக்கு மூச்சு வாங்கியது.

"நீ பேசாதடா. பேசினா அதுக்கும் நாலு படி ஏத்திடுவா."

அவள் அதைக் காதில் போட்டுக்கொள்ளவே இல்லை. "இங்க உட்காராதீங்க. மேலே போய் உட்காரலாம்" என்றாள் புருஷனிடம்.

ராட்சசி! நாலு மாசமாக இதே கூத்து. காலையில் படி ஏற்றம், சாயங்காலம் நடை, நடுவில் நாற்காலியில் உட்கார்ந்து எழுந்திரு, உட்கார்ந்து எழுந்திரு. போலீஸுக்கு ஆள் எடுக்கிற மாதிரி. அக்கம்பக்கத்தில் காறித் துப்பாத குறை.

அண்ணன்காரர் அப்படியா? வாரம் தவறாமல் வருவார். "படுடா கண்ணா, அசையாதே" என்று தலையணையைச் சரிசெய்வார். ஈரல் மாற்றினால்தான் தம்பி பிழைப்பான் என்று தெரிந்ததும், "என்னோடதை அறுத்து எடுத்துக்கோங்க!" என்று சொந்தபந்தம் முன்னால் மார்தட்டியவர். பரிசோதனையில் பொருத்தமும் கச்சிதம். தெய்வப்பிறவி என்று ஊரே மெச்சியது. அவரும் வேண்டாம் என்று சொல்லவில்லை.

தம்பி எப்படியோ மேலே போய்ச் சேர்ந்தான். நாற்காலியில் சாய்ந்தான்.

"இவனைக் கொல்லாம விடமாட்டியா?" என்றார் அண்ணன்காரர்.

அவள் புடவைத் தலைப்பால் புருஷன் நெற்றியைத் துடைத்தாள்.

"இந்த உடம்போட ஆபரேஷன் பண்ணா தாங்காதுன்னு ஈரல் மாத்தணும்னு சொன்ன அன்னைக்கே டாக்டர் கையை விரிச்சுட்டாரே மாமா. நடந்து, படி ஏறி, உடம்புல பலம் ஏத்தினா பார்க்கலாம்னார். அதுக்குத்தான் இத்தனையும்."

"சரி, அதுக்கென்ன இப்போ?"

"நேத்து ஆஸ்பத்திரியில நடக்கவிட்டுப் பார்த்தாங்க. தாங்குவார்னு சொல்லிட்டாங்க!" சொல்லும்போதே அழுதுவிட்டாள். "புதன்கிழமை ஆபரேஷன். நீங்க செவ்வாய்க்கிழமையே வந்து சேர்ந்துடணுமாம்."

அண்ணன்காரர் முகத்தில் ஈயாடவில்லை.

"என்னம்மா இது அநியாயமா இருக்கு! தாங்கவே மாட்டான்னு அந்த டாக்டர் அடிச்சுச் சொன்னதை நம்பித்தானே நான் தர்றேன்னே சொன்னேன்?"