நகல்: தலைமை அலுவலகம்

"எங்கட ஆளே எனக்கு ஃபைன் எழுதிப்போட்டான், மகேசண்ணை!"

நான் கதவைத் திறந்ததும் தியாகலிங்கம் சொன்ன முதல் வார்த்தை இதுதான். கையில் மஞ்சள் டிக்கெட். நாற்பது டொலர். பின்னால் அவர் மனைவி உஷா செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்தார்.

"ஆர்?"

"கேதீஸ்வரன். மவுண்ட் வெல்லிங்டன் கார் பார்க்கில நிக்கிறானே, அவன்தான்."

கேதீஸ்வரனை எனக்கும் தெரியும். நியூசிலாந்துக்கு, எங்கள் ஒக்லாந்துக்கு வந்து ஒன்றரை வருடம். தனியார் கம்பனி ஒன்றின் கார் பார்க்கைப் பார்த்துக்கொள்ளும் வேலை. மனைவியும் மகளும் இன்னும் கொழும்பில், விசாவுக்குக் காத்திருந்தார்கள்.

"காரை எங்க விட்டனீர்?"

"பல் டொக்டரின்ர இடத்தில. ரிசர்வ்ட் எண்டு போட்டிருக்குத்தான். அரிசி மூட்டை ஒண்டு ஏத்த அஞ்சு நிமிசம், அண்ணை."

"அம்பது நிமிசம்," என்றார் உஷா. "கடைக்காரரோட வேர்ல்ட் கப் கதை."

"நீர் சும்மா இரும். விசயம் அதில்லை. அது என்ர கார் எண்டு அவனுக்குத் தெரியும். பின் கண்ணாடியில நல்லூர் முருகன் இருக்கிறார். வெள்ளைக்காரனுக்குத் தெரியாட்டிச் சரி, இவனுக்குமோ தெரியாது? நான் வரேக்கை ஆள் இழுவை லொறிக்காரனோட சிரிச்சுக் கதைச்சுக்கொண்டு நிக்கிறான். தான் சிகரெட்டே தொடாதவன், அவனுக்கு ஒரு பெட்டியையே நீட்டுறான்!"

"உம்மைக் கண்டதும் என்ன சொன்னவர்?"

"'அண்ணை, காசைக் கட்டிப்போட்டு விடுங்கோ. அப்பீல் கிப்பீல் ஒண்டும் எழுதாதேங்கோ' எண்டான். எப்பிடி இருக்கு? எழுதினால் தனக்குத்தான் பிரச்சினை எண்டு தெரியும். பயம்!"

எனக்கும் அது அப்படித்தான் பட்டது.

எங்கள் ஆட்களுக்கு ஆங்கிலக் கடிதம் எழுதிக் கொடுப்பது அந்த நாட்களில் என் வேலை மாதிரி. ஊரில் அரசாங்கக் கச்சேரி அலுவலகத்தில் பியூனாக இருந்தபோது பழைய மனுக்களைப் பார்த்துப் பார்த்துப் பழகிய ஆங்கிலம்.

உஷா தயங்கித் தயங்கிச் சொன்னார். "கட்டிவிடுவம், அண்ணை. அந்தப் பிள்ளை குடும்பத்தைக் கூப்பிடப் போட்டிருக்கு. இமிகிரேசனில வேலைக் கடிதம் கேட்பினம். வேலையில கை வைச்சால் எல்லாம் குழம்பிப்போம்."

"அதை அவனெல்லோ யோசிச்சிருக்க வேணும்! நாற்பது டொலர் எனக்குப் பெரிசில்லை. நீதி எண்டு ஒண்டு இருக்கு."

நீதி என்ற சொல்லைக் கேட்டால் எனக்குக் கை சும்மா இருக்காது. தட்டச்சுப் பொறியை மேசைக்கு எடுத்து வந்தேன்.

முதல் பந்தியில் ஐந்து நிமிடம் என்று எழுதினேன். இரண்டாம் பந்தியில் மனைவிக்குத் திடீர் மயக்கம்.

"எனக்கு எப்ப மயக்கம் வந்தது?" என்றார் உஷா.

"கடிதத்தில மட்டும்தான், தங்கச்சி."

மூன்றாம் பந்திதான் எனக்குப் பிடித்தது. 'உங்கள் ஊழியர் உங்கள் விதிகளின்படிதான் நடந்துகொண்டாரா என்பதை விசாரித்து, தக்க நடவடிக்கை எடுக்கும்படி பணிவன்புடன் கேட்டுக்கொள்கிறேன்.' வாசித்துக் காட்டினேன். தியாகலிங்கம் தொடையில் தட்டினார்.

"அடியில ஒரு நகலும் போடுங்கோ, அண்ணை. ஊரில அப்பிடித்தானே? மேல ஒண்டு போனால்தான் கீழ அசையும்."

'நகல்: தலைமை அலுவலகம்' என்று அடித்தேன்.

அடுத்த வெள்ளிக்கிழமை, பூசை நடக்கும் வாடகை மண்டபத்தின் வாசலில் கேதீஸ்வரன் நின்றார். தியாகலிங்கத்திடம் மெதுவாகக் கேட்டார்.

"அண்ணை, எழுதிப்போட்டீங்களோ?"

தியாகலிங்கம் முகம் கொடுக்கவில்லை. நானும் செருப்பைத் தேடுகிறவன் மாதிரிக் குனிந்துகொண்டேன்.

நான்காம் வாரம் தியாகலிங்கமும் உஷாவும் மறுபடி வந்தார்கள். அவர் கையில் கேக் பெட்டி. அதன் மேல் உறை கிழிந்த கடிதம்.

"வெண்டிட்டம், அண்ணை! மேல தலைப்பைப் பாருங்கோ, கட்டணம் ரத்து! மிச்சம் எல்லாம் உங்கட இங்கிலீசுக்குப் பதில். நீங்களே வாசியுங்கோ, இவவும் கேட்கட்டும்."

தலைமை அலுவலகத்திலிருந்து வந்த கடிதம். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, உஷாவுக்காகத் தமிழில் சொல்லிக்கொண்டே வாசித்தேன். உஷா கேக்கை வெட்டத் தொடங்கினார்.

"'தங்கள் கடிதத்தின் நகல் கிடைத்ததும் விசாரித்தோம். ஒதுக்கப்பட்ட இடத்தில் நிற்கும் காருக்கு நாங்கள் டிக்கெட் வைப்பதில்லை. அதை இழுத்துச் செல்வதே எங்கள் விதி. மீட்பதற்கு நூற்றெண்பது டொலர். ஆகவே தங்களுக்குக் கொடுத்த நாற்பது டொலர் டிக்கெட் செல்லாது.'"

"பாத்தீரே?" என்று உஷாவைப் பார்த்துச் சிரித்தார் தியாகலிங்கம். "செல்லாதாம்!"

நான் அடுத்த பந்திக்குப் போனேன். ஒரு தரம் மனதுக்குள் வாசித்தேன். பிறகு சத்தமாக வாசித்தேன்.

"'அன்று தங்கள் காரை இழுக்க லொறி வந்திருந்தது. எங்கள் ஊழியர் லொறிக்காரரிடம் கெஞ்சி அதைத் திருப்பி அனுப்பிவிட்டு, தங்களுக்குச் செலவு குறையட்டும் என்று இந்த டிக்கெட்டை எழுதியிருக்கிறார். கேட்டபோது அவரே அதை ஒப்புக்கொண்டார்.'"

உஷாவின் கத்தி கேக்கிலேயே நின்றுவிட்டது.

"மிச்சம், அண்ணை?" என்றார் தியாகலிங்கம். அவர் குரல் இறங்கியிருந்தது.

மிச்சம் ஒரு வரிதான்.

"'தாங்கள் பணிவன்புடன் கேட்டுக்கொண்டபடி தக்க நடவடிக்கை எடுத்துவிட்டோம்; அவர் இப்போது எங்களிடம் வேலையில் இல்லை.'"