எண்பத்தேழாவது வண்டி

பழைய பைக் அசலா போலியா என்று சொல்ல எனக்கு ஐந்து நிமிடம் போதும். என் கண்ணில் மண்ணைத் தூவ ஒருவன் இனிமேல்தான் பிறக்க வேண்டும்.

மச்சான் தன் அப்பாவின் வண்டியைக் கொண்டுவந்தார். நான் பிறப்பதற்கு இரண்டு வருடம் முன்பு வாங்கியது. மாமனார் இருந்தவரை என்னை அதைத் தொட விட்டதில்லை.

"கம்பெனி பெயின்ட் மாப்ள. யார் கையும் படலைன்னு எழுதிக் குடுங்க. கண்காட்சியில கேக்கறாங்க."

பெயின்ட் அசல்தான். சோதனைக்காக சீட்டுக்கு அடியில் விரல் அகலத்துக்குச் சுரண்டினேன். உள்ளே இரும்பில் 87 என்று அடித்திருந்தது.

நான் புதுப்பித்து முடிக்கிற ஒவ்வொரு வண்டியிலும் அதே இடத்தில்தான் என் வரிசை எண்ணை அடிப்பேன். போன மாதம் முடித்தது 86.

அந்த ஏழின் கால் நுனி விட்டுப்போயிருந்தது. எண் அடிக்கிற என் இரும்பு அச்சுகளில் ஏழாம் எண் பஞ்ச் நேற்றுத்தான் தரையில் விழுந்து நுனி உடைந்தது. அதை எடுத்து அந்தப் பள்ளத்தில் வைத்துப் பார்த்தேன். கச்சிதமாக உட்கார்ந்தது.

"கை பட்டிருக்கு மச்சான்," என்றேன்.

அவர் முகம் தொங்கிப்போனது. "யார் கை?"

இந்தத் தொழிலில் என் கணிப்பு ஒருமுறைகூடத் தவறியதில்லை.

"என் கைதான். கம்பெனி பெயின்ட் அடிக்கிறதுக்கு முன்னாடி."