உள்ளடுக்கில் உயிரில்லை

“நோயாளி சொட்டு மருந்து விடவில்லை” என்று அப்பா அம்மாசியின் கோப்பில் டாக்டர் எழுதியிருந்தார். தேவதர்ஷினிக்குப் பற்றிக்கொண்டு வந்தது. லால்குடிக் கூலிக்காரர் என்றால் அவ்வளவு இளப்பமா?

அப்பாவுக்குப் பொருத்திய தானக் கருவிழி வெளுத்துப்போனதால் வேறு மாற்றியிருந்தார்கள். எடுத்த பழைய படலம் அவள் வேலை பார்க்கும் பரிசோதனைக் கூடத்துக்குத்தான் வந்தது. நுண்ணோக்கியில் பார்த்தாள். மருந்து விடாமல் உடம்பு அதை எதிர்த்திருந்தால் வெள்ளணுக்கள் மொய்த்திருக்கும், ஒன்றுகூட இல்லை. ஆனால் நீரை வெளியேற்றும் உள்ளடுக்கில் செல்களே இல்லை.

வார்டுக்கு ஓடினாள்.

“அப்பா, தப்பு உங்க மேல இல்ல. செத்தவங்ககிட்டேருந்து அந்தக் கண்ணை எடுக்கும்போதே லேட்டாயிருக்கு, அதுல செல்லெல்லாம் அழிஞ்சுபோச்சு. டாக்டரை நாக்கப் புடுங்குற மாதிரி கேக்கப்போறேன். மருந்து விடலேன்னு யாரு சொன்னா அவர்கிட்ட?”

“நான்தாம்மா.”

“கிறுக்கா உங்களுக்கு?”

“கண்ணு குடுத்த பையனோட அம்மா, பொன்மலை அற்புதம்மா இருக்குல்ல... மூத்தவன் ஊர்லேருந்து வந்து தம்பி முகத்தைப் பாக்கட்டும்னு பாதி நாள் கண்ணை எடுக்கவிடலியாம். அதுவே சொல்லுச்சு.”

அற்புதம்மாளே பழப்பையோடு உள்ளே வந்தாள்.

“பாப்பா, எம்புள்ள கண்ணு ஏன் கெட்டுச்சாம்?”

தேவதர்ஷினி அப்பாவை முறைத்தாள்.

“இந்த மனுஷன் மருந்தே விடலீங்க.”